ஆஸ்பத்திரித் தெருவுல ஒரு நாற்காலி

ஏன், சாமியாருன்னா திருநீறு மட்டுந்தான் குடுக்கணுமா? வண்டி நிறுத்துறதப் பத்திப் பேசக் கூடாதா? நம்பலன்னா போ, செண்பகம். மடத்துல அன்னிக்குப் பூக் கட்டிக்கிட்டு இருந்தது நானு. நீயா இருந்த?

சங்குமுத்து சாமி முன்ன பஸ்ஸுல கண்டக்டரு. பூசை முடிஞ்சதும் மணிய அடிச்சுட்டு "போலாம், ரைட்"டும்பாரு. ஒருக்க கல்யாண வீட்டுல தாலி கட்டி முடிஞ்ச கையோட அப்படிச் சொல்லிட்டாரு. பொண்ணுக்கு அம்மைக்காரி கோவப்பட்டு, பந்தில அவருக்கு மட்டும் பாயாசம் ஊத்தாம... சரி, அது கெடக்கட்டும்.

அவரு சிஷ்யன் ஆவுடையப்பன் அண்ணாச்சி. சாமிய விட ரெண்டு வயசு மூப்பு. நகராட்சில கவுன்சிலரு, நிதிக் குழுவுக்குத் தலைவரு.

அன்னிக்குச் சாயங்காலம் குழுக் கூட்டம். ஆஸ்பத்திரித் தெருவுல வண்டிய நிறுத்துனா பத்து ரூவான்னு தீர்மானம் போடணும். நகராட்சில காசு இல்ல. தெருக் கூட்டுறவங்களுக்கு ரெண்டு மாசமா சம்பளம் வரல. நம்ம சுப்பக்கா கம்மல அடகு வச்சுட்டு, காதுல ஈர்க்குச்சியச் சொருகிக்கிட்டுக் கூட்ட வருவா. என்னக்கான்னு கேட்டா, "இப்ப இதாம்ளா பேஷன்"ம்பா.

அண்ணாச்சி காலைலயே மடத்துக்கு வந்துட்டாரு.

"சாமி, ஒரு சந்தேகம். யாரு மனசும் நோகாம ஒரு சட்டம் போட முடியுமா?"

"நீரு போட்டுட்டீரா?"

"போட்டுட்டேன்லா! கவுன்சிலருங்க, அவங்க சொந்தக்காரங்க, டாக்டரு, வக்கீலு, பத்திரிகைக்காரங்க, கட்சிக்காரங்க, கோயில் தர்மகர்த்தா, எல்லாருக்கும் விலக்கு. குழுவுல ஒருத்தரும் மூஞ்சியச் சுளிக்கல. மடத்து வண்டியக்கூடச் சேத்துட்டேன்."

மடத்து வண்டின்னா ஓட்டை டிவிஎஸ். அதுக்கு பிரேக்கே கெடையாது, சாமி காலத் தேய்ச்சுத்தான் நிப்பாட்டுவாரு.

"அப்பம் காச யாருகிட்ட வாங்குவீரு?"

"மத்தவங்ககிட்ட, சாமி."

சாமி எந்திரிச்சாரு. மூலைல கெடந்த இரும்பு நாற்காலியத் தூக்கி அண்ணாச்சி தலைல வச்சாரு.

"வாரும்வே. அந்த மத்தவங்களப் பாத்துட்டு வருவோம்."

நானும் பூவ அப்படியே போட்டுட்டுப் பின்னாலயே போனேன். கவுன்சிலரு தலைல நாற்காலி! யாருக்குத்தான் கையி ஓடும்?

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதுத்தாப்புல நாற்காலியப் போட்டு அண்ணாச்சிய உக்கார வச்சாரு சாமி.

"சட்டம் வந்துட்டதா நெனச்சுச் சும்மா கேட்டுப் பாரும். குடுத்தா வெவரத்தச் சொல்லித் திருப்பிக் குடுத்துரும்."

மொதல்ல ஒரு காரு வந்துச்சு.

"பத்து ரூவா."

"என்ன அண்ணாச்சி, விளையாடுதியளா? நான் துணைத்தலைவரு மச்சான்லா!"

பின்னாலயே ஒரு புல்லட். "வக்கீலு." வண்டி நிக்கதுக்கு முன்னாலயே சொல்லியாச்சு.

அடுத்தவன் வாயவே தொறக்கல. வண்டி மூஞ்சில ஒட்டுன பிரஸ் ஸ்டிக்கர விரலால தட்டிக் காட்டிட்டுப் போயிட்டான். அவன் சீட்டுக் கம்பெனி நடத்துறவன். பேப்பர் படிச்சுக்கூட நான் பாத்ததில்ல.

கட்சில வட்டச் செயலாளரு இருக்காருல்லா, அவருக்குக் காரு ஓட்டுறவனோட கொழுந்தியா புருசன்கூட வந்தான். அவனும் அவரு பேரச் சொல்லிட்டுத்தான் உள்ள போனான்.

அண்ணாச்சிக்கு வேத்து ஊத்துது.

"வெயிலு ஏறுது சாமி. எனக்குச் சாயங்காலம் கூட்டம் இருக்கு."

"இரும்வே. மத்தவங்க இன்னும் வரலயே."

அப்பந்தான் ஒருத்தன் பழைய மொபெட்டுல வந்தான். வெளியூர்க்காரன். பின்னால அவன் அம்மை. கீழ விழுந்துரக் கூடாதுன்னு துண்டால தன் முதுகோட சேத்துக் கட்டியிருந்தான். கெழவிக்குக் கண்ணே தொறக்கல.

அண்ணாச்சி வாயி தன்னால "பத்து ரூவா"ன்னுட்டுது.

அவன் எதுக்குன்னு கேக்கல. சட்டைப் பையத் துழாவி, ரெண்டு அஞ்சு ரூவா நாணயத்த எடுத்து, ரெண்டு கையாலயும் நீட்டுனான். துண்ட அவுத்து அம்மையத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டான். போறவன் திரும்பிப் பாத்து,

"இது போதுமாய்யா? உள்ள சேத்துக்கிடுவாங்கல்லா?"ன்னான்.

"இல்லப்பா, இது வந்து..."ன்னு அண்ணாச்சி எந்திரிக்கதுக்குள்ள அவன் வாசலத் தாண்டி ஓடிட்டான்.

அண்ணாச்சி கையில அந்த ரெண்டு நாணயம். உக்காரவும் இல்ல, பின்னால ஓடவும் இல்ல.

நாணயத்தப் பாத்துக்கிட்டே சொன்னாரு:

"ஒரு வார்த்தை எதுத்துக் கேக்கலயே சாமி."

"யாரு பேரச் சொல்லிக் கேப்பான்?"ன்னாரு சாமி.

அண்ணாச்சி தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அந்த நேரம் பாத்து அவரு பொண்டாட்டி தம்பி புதுக் கார்ல வந்து எறங்குனான்.

"அத்தான், நான்தான்!"

அண்ணாச்சி கைய நீட்டுனாரு.

"பத்து ரூவா."

"அத்தான்... என்னையத் தெரியலயா?"

"தெரியுது மாப்ள. பத்து ரூவா."

சாமி நாற்காலிய அங்கயே விட்டுட்டு மடத்தப் பாத்து நடந்துட்டாரு.

சாயங்காலக் கூட்டத்துல என்ன முடிவாச்சுன்னா கேக்க? ஏட்டி, அந்த மச்சினன் அந்த வருசம் பொங்கச் சீரு குடுக்கக்கூட அக்கா வீட்டு வாசல மிதிக்கலட்டி!

ஏ மவளே பார்வதி! வானம் இருட்டிக்கிட்டு வருது பாரு. மாடில காயுற கூழ்வத்தல உள்ள எடுத்துட்டு வா!