கண்ணை மூடிச் செருகிய அடாப்டர்

குருவும் சீடரும் வரும் கதைகளில் பெண் பெரும்பாலும் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள், கேள்வி கேட்கமாட்டாள். இந்தக் கதையில் தண்ணீரை அவரவரே எடுத்துக் குடித்தார்கள்.

கோவை பீளமேட்டில், மாணவர்கள் எலக்ட்ரானிக்ஸ் பழகும் போர்டுகளைத் தயாரிக்கும் சிறு நிறுவனம் அது. வடிவமைப்பைக் கற்றுத்தந்தவள் நிலோஃபர், வயது முப்பது. கற்றவள் வேதவல்லி, வயது நாற்பத்தாறு. பொறியியல் படித்து, பிள்ளைகளை வளர்த்துவிட்டுத் திரும்பி வந்தவளை நிறுவனம் கையேடு எழுத உட்கார வைத்தது. ஒரு போர்டின் பவர் சப்ளையைத் தானே வடிவமைக்கும் வாய்ப்பு இப்போதுதான் கிடைத்திருந்தது. தேறாவிட்டால் மீண்டும் கையேட்டு மேசை.

"மேடம், பவர் சப்ளை சரியா இருக்குன்னு எப்பங்க சொல்லலாம்?"

நிலோஃபர் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தாள். உள்ளே பழைய அடாப்டர்கள்: மோடத்துடையது, பொம்மைக் காருடையது, மடிக்கணினியுடையது என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வோல்ட். வடிவமைத்தவரே கண்ணை மூடி ஒன்றை எடுத்துச் செருக வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"கண்ணை மூடுங்கக்கா."

"அஞ்சு வோல்ட் மட்டும்தான்னு கையேட்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கேனுங்க."

"உங்க கையேடு எதையும் நான் படிச்சதே இல்லக்கா."

வேதவல்லி கண்ணை மூடிச் செருகினாள்.

ஞானக் கதைகளில் இந்த இடத்தில் ஒளி வரும். இங்கே புகை வந்தது.

"சாம்பிராணி வாசம் பிரமாதமுங்க!" என்றார் பக்கத்து மேசை திருமலைசாமி.

அடுத்த வாரம் இரண்டாவது போர்டு. மின்சாரம் தலைகீழாக வந்தாலும், அளவு மீறி வந்தாலும் தானே துண்டித்துக்கொள்ளும் சுற்றை அதில் சேர்த்திருந்தாள். கண்ணை மூடிச் செருகினாள். புகை இல்லை, விளக்கும் இல்லை. சரியான அடாப்டருக்கு மாற்றியதும் பச்சை விளக்கு எரிந்தது.

"பொழைச்சிருச்சுங்க மேடம்!"

"பொழைச்சது சரி. இருட்டா இருந்தப்ப என்ன நினைச்சீங்க?"

"கெடுத்துப்போட்டேன்னு நினைச்சேனுங்க."

"அப்ப உங்க கை எங்க இருந்துச்சு?"

வேதவல்லி யோசித்தாள். "முந்தானைக்குள்ள."

"முதல் நாள் லேபுக்கு வர்ற பொண்ணோட கை துப்பட்டாவுக்குள்ள போயிரும், அப்புறம் போர்டைத் தொடவே தொடாது."

வேதவல்லி இழுப்பறையைத் திறந்து ஒரு சிவப்பு எல்.இ.டி.யைத் தேடி எடுத்தாள்.

மூன்றாவது போர்டு. ஒவ்வாத அடாப்டரைத் துண்டித்ததும் அதில் சிவப்பு விளக்கு எரியும். அவள் கண்ணைத் திறக்கும் முன்பே திருமலைசாமி கூவினார்: "சிவப்புங்கோ!"

பிடுங்கினாள், வேறொன்றைச் செருகினாள். மறுபடியும் சிவப்பு. "பொம்மைக் காரு, நீ ஆகமாட்டே போ!" என்று சிரித்தபடி இன்னொன்றைச் செருகினாள். பச்சை. அறையே கைதட்டியது.

"இப்பச் சரிங்களா, மேடம்?"

"என்னைக் கேக்காதீங்கக்கா. இப்ப உங்க கை எங்க இருக்கு?"

வேதவல்லி குனிந்து பார்த்தாள். கை டின்னுக்குள் அடுத்த அடாப்டரைத் துழாவிக்கொண்டிருந்தது.

வேதவல்லி வடிவமைப்பு மேசையிலேயே இருந்துவிட்டாள். அந்த போர்டுக்கு அவள் எழுதிய கையேடு ஒரே வரி: சிவப்பு எரிந்தால் வேறு அடாப்டரைச் செருகிப் பாருங்கள். அதையும் நிலோஃபர் படிக்கவில்லை.