திருடனும் ராஜாவும் ஒரு புளியங்கொட்டையும்

ஒரு காட்டில், மழை பிடித்துவிட்டால் போதும், நாவல் மரத்தடியில் ஒரு மைனாவும் ஓர் ஆமையும் கதை விளையாட உட்கார்ந்துவிடும். மைனா திருடன். ஆமை ராஜா. நடுவில் ஒரு புளியங்கொட்டை. கொட்டை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். பேசியதும் அடுத்தவர் பக்கம் உருட்டிவிட வேண்டும். எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை, பிள்ளைகளே!

ஒருமுறை கதையில் திருடன் அரண்மனையில் மாட்டிக்கொண்டான். "ராஜாவே, என் தலையை வெட்டப் போகிறீரா?" என்று மைனா மார்பை நிமிர்த்திக் கேட்டுக் கொட்டையை உருட்டியது.

ஆமை யோசித்தது, யோசித்தது, அப்படி யோசித்தது. கடைசியில், "அது இருக்கட்டும். நீ சாப்பிட்டாயா?" என்றது.

மைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மழைக்கு முயல்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தன. அவ்வளவுதான், மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டையைக் காலடியில் அமுக்கிக்கொண்டது.

"திருடன் வாளை உருவினான்! ராஜா வெடவெடவென்று நடுங்கினார்! 'ஐயோ, என்னை விட்டுவிடு' என்று காலில் விழுந்தார்!"

"நான் எப்போதடா விழுந்தேன்?" என்று கேட்டது ஆமை.

"சும்மா இரு. நீ யோசித்து முடிப்பதற்குள் எல்லாரும் தூங்கிவிடுவார்கள்."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. மறுநாளும் நீட்டவில்லை, அதற்கு மறுநாளும் நீட்டவில்லை.

மைனா தனியாக விளையாடிப் பார்த்தது. "தலையை வெட்டப் போகிறீரா?" என்று திருடனாகக் கேட்டது. "ஆமாம்" என்று ராஜாவாகச் சொன்னது. கதை அங்கேயே படுத்துவிட்டது. முயல்கள் எழுந்து போய்விட்டன. "நீ சாப்பிட்டாயா?" என்று தன்னைத் தானே கேட்டும் பார்த்தது. ம்ஹூம், கண் கலங்கவில்லை. பழைய மழையை நினைத்து ஏங்கிப்போயிற்று.

ஆமையிடம் போய், அதன் முதுகில் அலகால் மெல்லத் தட்டியது. "ராஜா வீட்டில் இருக்கிறாரா? திருடன் வந்திருக்கிறேன்."

கொட்டையை உருட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

ஓடு அசையவில்லை. மைனாவின் நாக்கு துறுதுறுத்தது. ராஜா சொல்ல வேண்டிய பத்துப் பதில்கள் தொண்டை வரை வந்தன. அத்தனையையும் விழுங்கிக்கொண்டு, கொட்டும் மழையில் நின்றது.

வெகுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது: "ராஜா இல்லை. யாரோ அவரைக் காலில் விழவைத்துவிட்டார்களாம். வெட்கப்பட்டு ஊரைவிட்டே போய்விட்டார்."

ஒரு குட்டைக் கால் கொட்டையை வெளியே தள்ளியது.

"அந்தத் திருடன் நான்தான்," என்றது மைனா. "நகை நட்டு எதையும் எடுக்கவில்லை. அவர் பேச்சை எடுத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்." கொட்டையை மறுபடி உருட்டிவிட்டுக் காத்திருந்தது.

முதலில் மூக்கு வந்தது. பிறகு கண்கள் வந்தன.

"தொப்பலாக நனைந்திருக்கிறாயே," என்றார் ராஜா. "சாப்பிட்டாயா?"

நீதி: சேர்ந்து சொல்லும் கதையில் உன் பேச்சை நீ பேசு, அடுத்தவர் பேச்சுக்குக் காத்திரு.