மைனா கொண்டுவந்த நல்ல சேதி

காட்டுக் குளம் ஒன்றில் தவளைகள் வாழ்ந்தன. கரைக்குக் கீழே, பள்ளத்தில் எறும்புகள் புற்று கட்டியிருந்தன.

தவளைகள் அன்றன்று நடந்ததை மாலையில் கூடிப் பாடும். ஒன்று தப்பாகப் பாடினால் மற்றவை சேர்ந்து அதன் வாயை அடைத்துவிடும். எறும்புகளோ ஒவ்வொரு சேதிக்கும் ஒரு கல்லை வரிசையில் வைக்கும். பத்து எறும்புகள் நேரில் பார்த்துச் சொன்னால்தான் கல் வரிசையில் சேரும். இரண்டு இடத்திலும் பொய் நுழைய வழியில்லை. என்ன செய்வது, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாதே!

அதனால் மஞ்சமூக்கி என்ற மைனா நடுவில் சேதி சொல்ல வந்தது. நல்ல சேதி என்றால் எறும்புகள் தினை கொடுக்கும். கெட்ட சேதி என்றால் ஒன்றும் கிடையாது.

அடைமழை பெய்த ஒரு நாள் தவளைகள் அலறின. "கரையில விரிசல்! இன்னைக்கே உடைஞ்சிடும்! எறும்புங்ககிட்ட ஓடிப்போய்ச் சொல்லு!"

மைனாவுக்குத் தினை ஞாபகம் வந்தது. புற்றுக்குப் பறந்து வந்து, "குளம் நிரம்பிடுச்சு! தவளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம்!" என்றது.

எறும்புகள் குதித்தன. கல் சுமந்து வந்த நெட்டைக்காலி என்ற எறும்பு மட்டும் நின்றுவிட்டது. புற்றுக்குள் ஆயிரம் முட்டைகள் இருந்தன. அது மைனாவைப் பார்த்துக் கேட்டது.

"இந்தச் சேதிக்கு யாரு சாட்சி?"

"நான்தான்!"

"நம்ம வீட்டு விஷயத்துக்குப் பத்துப் பேர் வேணும். அடுத்த வீட்டு விஷயத்துக்கு ஒரே ஆள் போதுமா? நல்லா இருக்கே நியாயம்!"

நெட்டைக்காலி கேட்டுக்கொண்டதால், இரண்டு பேச்சும் தெரிந்த ஓர் அணிலும் ஒரு கொண்டைக்குருவியும் தனித்தனியே குளத்துக்குப் போயின.

அணில் மூச்சிரைக்க வந்தது. "கரை உடையப்போகுது!"

பின்னாலேயே வேறு வழியாகக் குருவி வந்தது. "கரையில விரிசல்! கிளம்புங்க!"

இரண்டு பேர் சொன்ன சேதியும் ஒத்துப்போனது. ஆளுக்கொரு முட்டையைக் கவ்விக்கொண்டு எறும்புகள் பாறைமேல் ஏறின. கடைசி முட்டை மேலே வந்ததும் கரை உடைந்தது. புற்று இருந்த இடத்தில் வெள்ளம் சுழித்து ஓடியது.

மைனா தலைகுனிந்தது. "நல்லது சொன்னாத்தானே தினை தர்றீங்க..."

"அது எங்களோட தப்புதான்! இனி நல்லதோ கெட்டதோ, உண்மைக்குத்தான் தினை. ஆனா இனிமே நீங்க மூணு பேரும் தனித்தனியா வந்து சொல்லணும்!" என்று சிரித்தது நெட்டைக்காலி.

நம் வீட்டுச் சேதியை எவ்வளவு கவனமாகச் சரிபார்க்கிறோமோ, அடுத்த வீட்டிலிருந்து வரும் சேதியையும் அவ்வளவு கவனமாகச் சரிபார்க்க வேண்டும்.