கண்ணை மூடிப் போட்ட ஓட்டு

தென்முனைக் குடியரசு என்றொரு நாடு இருந்தது. மண்ணில் இல்லை, கம்ப்யூட்டர் விளையாட்டில். ஊர் ஊராக ஆட்கள் அதில் சேர்ந்து, கட்சி கட்டி, தேர்தல் நடத்தி, சட்டசபையில் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். அதில் ரொம்பச் சின்னக் கட்சி, அகில தென்முனை எழுச்சிப் பேரவை. தலைவர் பவுன்ராஜ், செயலாளர் குருவையா, பொருளாளர் சங்கிலி, உபதலைவர்கள் இரண்டு பேர். தொண்டர் என்று யாரும் கிடையாது. தலைமையகம், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செந்தட்டி நடத்தும் ஜெராக்ஸ் கடையில் ஓரமாகக் கிடந்த கம்ப்யூட்டர்.

கட்சி அலுவலகத்தில் கொடி பறக்க வேண்டும் என்று நாட்டின் விதி சொன்னது. திரையில் ஒரு பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது. இவர்கள் நிஜக் கொடி தைத்து மானிட்டரின் தலையில் கட்டினார்கள். கொடி திரையை மறைத்தது. அதைத் தூக்கிப் பார்ப்பது கொடிக்கு அவமரியாதை என்று குருவையா சொல்லிவிட்டதால், ஆளுக்கு ஒரு தடவை கொடிக்கு அடியில் தலையை நுழைத்துத்தான் கட்சி வேலை பார்த்தார்கள்.

தேர்தல் வந்தது. பிரசாரம் ஓய்ந்ததும் கட்சிக்காரர்கள் தொகுதியை விட்டு வெளியேற வேண்டும் என்று அறிவிப்பும் வந்தது. ஐந்து பேரும் பஸ் ஏறி விருதுநகர் போய், பஸ் ஸ்டாண்டில் கடலை தின்றபடி ஒரு பகலை ஒழுங்காகக் கழித்துவிட்டு வந்தார்கள்.

ஓட்டுப் போடும் நாளில்தான் வினை வந்தது. யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பது எவருக்கும் தெரியக் கூடாது என்று போட்டிருந்தது. எவருக்கும் என்றால் போடுகிறவனும் சேர்த்திதானே என்று சங்கிலி கேட்டார். மற்றவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. ஒவ்வொருவராகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினார்கள்.

முடிவு வந்தபோது பேரவைக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. நான்கு ஓட்டு எதிர்க்கட்சிக்குப் போயிருந்தது. ஐந்தாவது ஆள் என்னத்தை அமுக்கினாரோ, நாட்டின் தேசியப் பறவை மாறியிருந்தது.

ஓட்டே வாங்காத கட்சியை அழித்துவிடுவது அந்த நாட்டு வழக்கம். பவுன்ராஜ் உடைந்து போனார். வெளியே அவரை ‘ஏய் பவுனு’ என்று கூப்பிடாதவர் கிடையாது. அவரைத் தலைவர் என்று சொன்னது அந்த ஒரு நாடுதான். விளையாட்டை நடத்துகிறவருக்குக் கெஞ்சி எழுதினார். பதில் உடனே வந்தது: உங்கள் அலுவலகத்தில் வாக்கெடுப்பு நடத்துங்கள், கட்சி வேண்டும் என்று ஒருவர் கை தூக்கினாலும் போதும், கட்சி இருக்கும். தூக்காதவர் உறுப்பினர் ஆக மாட்டார்.

“கை தூக்குனா பக்கத்துல இருக்கவனுக்குத் தெரிஞ்சிருமே?” என்றார் குருவையா.

“எல்லாரும் கண்ண மூடிக்கிருவோம்” என்றார் பவுன்ராஜ்.

“எண்ணுறவரு?”

“அவருக்கு மட்டும் என்ன தனிச் சலுகையா?” என்றார் சங்கிலி.

ஐவரும் சுவரோரம் வரிசையாக நின்று, கண்ணை மூடி, கையை உயரத் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்து ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க இருளப்பன் என்று ஒருவர் உள்ளே வந்தார். வரிசையைப் பார்த்ததும் கடையில் கொள்ளை நடக்கிறது என்று நினைத்து, அவரும் இரண்டு கையையும் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடிய கண்ணோடு பவுன்ராஜ் இடமிருந்து வலமாக எண்ணினார். ஒரு கைகூடத் தெரியவில்லை. “யாரும் தூக்கல. போதும், கைய எறக்குங்க” என்றார். ஐவரும் இறக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தால், எதிரே இருளப்பன் கைகள் மட்டும் நிற்கின்றன. அதில் ஒன்று கள்ள ஓட்டு என்று தள்ளிவிட்டு, ஆதரவு ஒன்று, பெயர் இருளப்பன் என்று எழுதி அனுப்பினார்கள்.

கட்சி பிழைத்தது. இருளப்பன் தலைவர் என்றும், மற்ற ஐவரும் நீக்கப்பட்டார்கள் என்றும் பதில் வந்தது.

ஐவரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அழாத குறையாகக் கெஞ்சினார்கள். விஷயத்தைச் செந்தட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இருளப்பன் மனம் இளகினார்.

“சேத்துக்கிர்றேன்யா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்களும் கட்சி வேணும்னுதான கை தூக்குனீங்க?”

ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பவுன்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“உசுரே போனாலும் அத மட்டும் சொல்ல மாட்டோம்ணே. அது ரகசியம்.”