தாண்டிய தையல்

ஓர் ஊரில் ஒரு தெரு இருந்தது. ஊருக்கு நடுவே நீண்டு, நெடுஞ்சாலையில் போய் முட்டும் தெரு. சிமெண்டு போட்ட நாளிலிருந்து அதன் கர்வம் தாங்க முடியவில்லை.

"ஜப்பான் கார் என் மேலதான் ஓடுது. கொரியா டிவி என் வழியாத்தான் வீட்டுக்குள்ள போச்சு. பார்சல் கொண்டுவர்றவன் யாரையும் வழி கேக்கறதில்ல. நான் இப்ப உலகத் தெரு" என்று, வருகிறதையும் போகிறதையும் நிறுத்திவைத்துச் சொல்லும்.

காரும் பார்சல் வண்டியும் தாராளமாக வருவதற்காக இரண்டு பக்கமும் நின்ற புங்க மரங்களை வெட்டியிருந்தார்கள். நிழல் போனதில் தெருவுக்கு வருத்தமில்லை. இந்தக் காலத்தில் யார் நடக்கிறார்கள்?

நடக்கிறவர்கள் இருந்தார்கள். தெருவின் மறுகோடியைத் தாண்டினால் காலனி. அங்கே இருப்பவர்களுக்கு வேறு வழி கிடையாது. நெடுஞ்சாலை முனையில் ஒரு புளியமரம் உண்டு. அதன் அடிக்கு வந்ததும் குனிவார்கள், செருப்பைக் கழற்றுவார்கள், கையிலோ பையிலோ வைத்துக்கொண்டு மறுகோடி வரைக்கும் வெறுங்காலோடு நடப்பார்கள். அப்படிச் செய்யவேண்டும் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. எழுதாததால் அழிக்கவும் முடியவில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு பிற்பகல், அந்தத் தெருவுக்குள் ஒரு துணிப்பை வந்தது. பைக்குள் ஒரு ஜோடி புது ஷூ, இடதும் வலதும். இரண்டும் கப்பலேறி வெளிநாடு போய், ஒரு பெரிய கடையின் கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்து திரும்பியவை. இடதின் உள்பக்கத்தில் ஒரு தையல் விழாமல் தாண்டியிருந்தது. அதனால் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பிவந்த சரக்கை, செய்த கம்பெனி தன் தொழிலாளிகளுக்கே கொடுத்தது. இந்த ஜோடி பூங்காவனத்தின் பங்குக்கு வந்தது. ஷூவின் மேல்தோலைத் தைக்கிற மெஷினில் உட்காருகிறவள் அவள்.

புளியமரத்தடியில் அவளுடைய பழைய ரப்பர் செருப்பும் கழன்று பைக்குள் வந்து விழுந்தது.

"பாத்தியா?" என்றது வலது, பூரித்துப்போய். "கால்ல போட வேண்டியதைக் கையில ஏந்திக்கிட்டுப் போறாங்க. அந்த நாட்டுல யாராவது இவ்வளவு மரியாதை குடுத்தாங்களா?"

ரப்பர் செருப்பு வார் குலுங்கச் சிரித்தது. "மரியாதையா? அடப் பாவிங்களா. வெளிய எட்டிப் பாருங்கடா."

எட்டிப் பார்த்தன. கீழே பூங்காவனத்தின் வெறுங்கால்கள் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தன. குதிகால் பட்டால் விரலை ஊன்றினாள், விரல் சுட்டால் குதிகாலை. நிறுத்தியிருந்த காரின் நிழலில் ஒரு மூச்சு நின்றாள். மறுபடி தத்தினாள்.

"எங்களைப் போட்டுக்க வேண்டியதுதானே?"

"இந்தத் தெருவுல போடக் கூடாது. போட்டா தெரு தீட்டாயிடுமாம்."

வலது தெருவையே கேட்டது: "உலகத் தெருன்னு பீத்திக்கிட்ட ஆள் நீதானே?"

"ஆமா. கார் வரலாம், டிவி வரலாம். இவங்க தச்ச ஷூகூட வரலாம்" என்றது தெரு. "இவங்க கால்ல மாட்டிக்கிட்டு மட்டும் வரக் கூடாது. நான் என்ன பண்ண? பழக்கம்."

இடதின் கவலை வேறு. "தாத்தா, என் தையல் எப்படித் தாண்டிச்சு?" என்று ரப்பர் செருப்பைக் கேட்டது.

"மெஷினுக்கு அடியில நான்தானே கெடந்தேன், சொல்றேன். அதுக்கு முதல் நாள் இதே மாதிரி வெயில். அவ உள்ளங்கால்ல கொப்புளம் கண்டுச்சு. மறுநாள் பெடலை மிதிக்கும்போது அது ஒடஞ்சுது. கால் ஒரு துடி துடிச்சுது. ஊசி ஒரு தையல் தாண்டிடுச்சு."

"அப்ப நான் கம்பெனியில கெட்டுப்போகல."

"இல்ல தம்பி. இந்தத் தெருவுலதான் கெட்டுப்போன. இந்தச் சூடு உனக்குள்ள உக்காந்து கப்பல்ல போச்சு. அங்க யாருக்கும் அது புரியல. தையல் சரியில்லன்னுட்டாங்க."

"தச்சது யாருன்னு அங்க ஒருத்தர்கூடக் கேக்கலையே."

"அங்க அவ யாருன்னு கேக்க ஆளில்ல. இங்க கேக்கவேண்டிய அவசியமே இல்ல." ரப்பர் செருப்பின் குரல் இறங்கியது. "சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. இன்னொரு தையல் தாண்டினா மெஷினை விட்டு எறக்கிடுவாராம். அந்த மெஷின் ஓடினாத்தான் அவ வீட்டுல அடுப்பு எரியும்."

"இத்தனை வருஷமா நீ என்ன பண்ணின?"

"நான் என்ன பண்ண? ஒரு உதறு உதறினா கழண்டுக்குவேன். அதுக்குத்தானே எங்களை வாங்கறதே."

இடது தன் லேசுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டது.

மறுநாள் வேலை முடியும் மணி அடித்ததும் பூங்காவனம் காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தாள். புதுக் கொப்புளம். இன்றைக்கு எப்படியோ தையல் தாண்டவில்லை. நாளைக்குத் தாண்டும். பிறகு ரப்பர் செருப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, நேற்றிலிருந்து பையிலேயே கிடந்த ஷூவை எடுத்து மாட்டி லேசைக் கட்டினாள்.

பக்கத்து மெஷின்காரி எழிலரசியும் காலனிதான். "அக்கா, லேசு வெச்சதா? மரத்தடியில கழட்ட நேரமாவுமே" என்றாள்.

"கழட்டினாத்தானே நேரமாவும்" என்றாள் பூங்காவனம்.

கம்பெனி வண்டி இருவரையும் புளியமரத்தடியில் இறக்கிவிட்டது. எழிலரசி பழக்கத்தில் குனிந்தாள். நிமிர்ந்தபோது பூங்காவனம் தெருவுக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

"யாரது?" என்று திடுக்கிட்டது தெரு.

"நாங்கதான்" என்றது இடது. "கப்பல் ஏறிப் போய் வந்தவங்க."

தர்மகர்த்தா ஜனார்த்தனம் தன் கார் ஷெட் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலில் வெள்ளை ஷூ. வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியது. வந்த நாளிலிருந்து தூங்கும்போது மட்டும்தான் கழற்றுகிறார் என்று ஊரில் பேச்சு.

இரண்டு ஜோடியும் ஒன்றையொன்று பார்த்தன. தையலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தைத்தது ஒரே கை.

"அண்ணே, நீங்க எப்படி இங்க?" என்றது இடது.

"நானும் கப்பல்ல போய்ப் பெட்டியில திரும்பினவன்தான். இங்க என்னை யாரும் கழட்டச் சொல்றதில்ல" என்றது வெள்ளை ஷூ. சொல்லும்போது அதற்கே கூச்சமாக இருந்தது.

"ஏ பூங்காவனம்! கால்ல என்னா அது?" என்றார் ஜனார்த்தனம்.

"ஷூ ஐயா."

"புளியமரம் கண்ணுக்குத் தெரியலையா?"

"கண்ணு நல்லாத் தெரியுது ஐயா. காலுதான் வெந்துபோச்சு."

"உங்க பாட்டனுக்கு வேகாத காலு உனக்கு மட்டும் வேகுதோ?"

"அப்ப மண்ணு ஐயா. ரெண்டு பக்கமும் மரம் இருந்துச்சு."

"கம்பெனிச் சம்பளம் பேசுது! கழட்டு. கழட்டிட்டு நட."

பின்னால் எழிலரசி செருப்பை மார்போடு அணைத்தபடி நின்றுவிட்டாள்.

பூங்காவனம் குனிந்தாள்.

ஜனார்த்தனம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அவ்வளவுதான்" என்று முனகியது வலது.

அவள் விரல்கள் லேசுக்கு வந்தன. நுனியைப் பிடித்து இழுக்கவில்லை. போட்ட முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு போட்டன. முதலில் இடதுக்கு, பிறகு வலதுக்கு. இறுக்கிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"கழட்டறதுக்கில்ல ஐயா" என்றாள். நடந்தாள்.

"செருப்பு பிஞ்சிடும்டி!" என்று எழுந்தார் ஜனார்த்தனம். "சாயங்காலமே ஊரைக் கூட்டறேன் பாரு!" அவள் திரும்பவில்லை. எறிவதற்காகத் தன் காலில் இருந்ததைக் கழற்றக் குனிந்தார். ஆனால் அது செருப்பு இல்லையே. தொந்தி குறுக்கே வந்தது. லேசைத் தப்பு நுனியில் இழுத்தார். முடிச்சு இறுகியது.

"அண்ணே, விட்டுடாதீங்க!" என்று கூவியது இடது.

"பிடிச்சிருக்கேன். நீங்க நடங்க" என்றது வெள்ளை ஷூ.

கடைசியில் ஜனார்த்தனம் குதிகாலில் பிடித்து வெறியோடு ஒரு இழு இழுத்தார். ஷூ கையோடு வந்தது. ஓங்கிக்கொண்டு நிழலைவிட்டு வெளியே வந்து, வெறுங்காலைத் தெருவில் ஊன்றினார்.

"ஐயய்யோ!"

கையிலிருந்த ஷூ கீழே விழுந்தது. ஒற்றைக் காலில் நொண்டியடித்து நாற்காலியைப் பிடித்தார். நாற்காலியும் சேர்ந்து சாய்ந்தது.

"என்ன எழவு சூடுடா இது!"

அந்த வீட்டுக் கால் இந்த நேரத்தில் தெருவின் மேல் பட்டதே கிடையாது. தெரு மெல்லிய குரலில் சொன்னது: "தினமும் இருக்கற சூடுதான்."

எழிலரசி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரலிடுக்கில் பீறிட்டது. அணைத்திருந்த கைகள் தாமாகவே தளர்ந்தன. செருப்பு கீழே விழுந்தது. டப். ஒரு நொடி அதைப் பார்த்தாள். காலை நுழைத்தாள். முன்னே போகிறவளை எட்டிப்பிடிக்க வேகமாக நடந்தாள். டப், டப், டப்.

பைக்குள் இருந்த ரப்பர் செருப்பு அந்தச் சத்தத்தைக் கேட்டது. இந்தத் தெருவில் ஒரு காலனிச் செருப்பின் குரலை அது கேட்பது இதுதான் முதல் தடவை.

"தம்பி" என்று கீழே பார்த்து இடதைக் கூப்பிட்டது. "நாளைக்கு நானும் இறங்கி நடக்கறேன். யார் உதறினாலும் கழண்டுக்க மாட்டேன்."