ஸ்டாண்ட் இல்லாத வண்டி

"இன்னிக்கே முடிக்கணும், டீச்சர்."

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஏகாம்பரம் இதைச் சொல்லிவிட்டார்.

"எதை?"

"ராணுவ மோட்டார் சைக்கிள். இந்தக் கட்டைவிரல் அளவுக்கு."

"ஒரு மாசம் ஆகும்."

"நாளைக்கு ஆடி அமாவாசை. அதுக்குள்ள வேணும்."

அந்த மலை ஊரில் குருமார்களுக்குப் பஞ்சமில்லை. மூச்சு சொல்லித்தர ஒருவர், தியானம் சொல்லித்தர ஒருவர், மௌனம் சொல்லித்தருகிறேன் என்று நாள் முழுக்கப் பேசுகிறவர் ஒருவர்.

அமலி டீச்சர் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்றுதான். பெரிய வண்டியைச் சின்னதாகச் செய்வது. பட்டாளத்து ஜீப்பும் டாங்கியும் அவர் மேஜையில் தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். வயது முப்பத்தைந்து. தலை நரைத்த கர்னல்கள்கூட அவர் முன்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்து கற்றார்கள். டீச்சருக்குப் பேச்சு குறைவு. பொறுமை அதைவிடக் குறைவு.

ஏகாம்பரத்துக்கு அறுபது. குடியாத்தம் பக்கம் சிமென்ட் கடை. மாதம் ஒருமுறை ராத்திரி பஸ் பிடித்து வந்து கற்றுக்கொண்டிருந்தார். ஜீப் வரைக்கும் கை பழகியிருந்தது.

"எந்த வண்டி?" என்றார் டீச்சர்.

ஏகாம்பரம் ஒரு போட்டோவை மேஜைமேல் வைத்தார். பின்னால் பனிமலை. பச்சை நிற மோட்டார் சைக்கிள். அதன்மேல் ஒருவன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என் பையன். லோகநாதன். முகாமுக்கு முகாம் கடுதாசி கொண்டுபோற வேலை. நாலு வருஷம் முன்னாடி பனி சரிஞ்சிடுச்சு. வண்டியும் கிடைக்கல, ஆளும் கிடைக்கல."

"தேடினாங்களா?"

"தேடிட்டுக் கையை விரிச்சிட்டாங்க. என் வீட்டுக்காரி அவனுக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கணும்ங்கிறா. வருஷா வருஷம் கேக்கறா. நான்தான் விடல. உடம்பைக் கண்ணால பாக்காம எப்படிம்மா எறைக்கிறது?"

"சரி. வண்டி எதுக்கு?"

"அவகிட்ட காட்டறதுக்கு. வண்டி வந்துடுச்சு பாரு, ஆளும் வந்துடுவான்னு."

சொன்ன பிறகு அவருக்கே அது எப்படிக் கேட்டது என்று புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"பைத்தியக்காரத்தனம்தான். எனக்கும் தெரியும். ஆனா தினம் சாயங்காலம் வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குது, டீச்சர். ஓடிப்போய்ப் பாத்தா தெரு காலியா கிடக்கு."

"உங்க வீட்டம்மாவுக்குக் கேக்குதா?"

"கேக்குது. அதான் அழறா. புள்ள தாகத்தோட நிக்கிறான், போக விடுங்கன்னு அழறா."

டீச்சர் பித்தளைக் கம்பிச் சுருளை அவர் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க."

முதலில் சக்கரம். முடியளவு கம்பிகளை இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார் ஏகாம்பரம். கண்ணில் நீர் வந்தது. புகையால் என்று சொல்லிக்கொண்டார்.

"சரியா இருக்கா, டீச்சர்?"

டீச்சர் அதை வாங்கி வாயால் ஊதினார். பிறகு குப்பைக்கூடையில் போட்டார்.

"ஏன்?"

"சுத்தல."

"பொம்மைதானே டீச்சர். இது எங்க ஓடப்போவுது?"

"அப்ப எதுக்குச் செய்றீங்க?"

ஏகாம்பரம் இன்னொரு சக்கரம் செய்தார். ஊதினார். சுற்றியது. ஊதுவதை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சுற்றியது.

மதியத்துக்குள் எஞ்சின் வந்தது. டேங்க் வந்தது. இரண்டு பக்கமும் கடுதாசிப் பை வந்தது. சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் வேண்டும். கம்பியை ஊசிமுனையில் சுற்றி, நிமிர்த்தி, ஒட்டினார். இவ்வளவு பொடி வேலை தன் கையால் ஆகும் என்று அவர் நினைத்ததே இல்லை. யாரோ உடன் இருந்து கையைப் பிடித்து நடத்துவதுபோல இருந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

சைலன்சரை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி தேவகி.

"எங்க இருக்கீங்க?"

"மலையில."

"விடிஞ்சதும் நான் ஆத்துக்குப் போறேன். நீங்க வந்தா வாங்க. வரலைன்னா நானே எறைக்கிறேன்."

"பொம்பளைங்க எறைக்கக் கூடாது, தேவகி."

"பெத்தவளுக்குக் கூடவா கூடாது?"

அவர் வாய் திறப்பதற்குள் தேவகி போனை வைத்துவிட்டாள்.

டீச்சர் தன் வேலையிலிருந்து நிமிரவே இல்லை. ஆனால் அவர் கையிலிருந்த அரம் நின்றிருந்தது.

நாலு மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே இருந்த மரங்கள் போயின, பிறகு வேலி போயிற்று. ஏகாம்பரம் பச்சைப் பெயின்ட் அடித்தார். ஹேண்டில்பாரைப் பொருத்தினார். மேஜையில் கிடந்த கண்ணாடிப் பலகையின்மேல் வண்டியை வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

"முடிஞ்சுது."

"ஆளைச் செய்யலையா?"

"ஆள் பொம்மையா வேணாம். நிஜமா வருவான்."

டீச்சர் லென்ஸை எடுத்துக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். சிடுசிடுவென்று ஏதாவது சொல்வார் என்று ஏகாம்பரம் காத்திருந்தார். டீச்சர் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"ஸ்டாண்ட் எங்க?"

"எந்த ஸ்டாண்ட்?"

"வண்டி ஸ்டாண்ட்."

ஏகாம்பரம் போட்டோவைப் பார்த்தார். மகன் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். அவன் கால் அந்த இடத்தை மறைத்திருந்தது.

"போட்டோவுல தெரியல. தெரியாததை நான் செய்யல, டீச்சர்."

"சரி. அப்ப எப்படி நிக்குது?"

ஏகாம்பரம் வண்டியைப் பார்த்தார்.

நூல் கனத்தில் இரண்டு சக்கரம். வழுவழுப்பான கண்ணாடி. எதன்மேலும் சாயாமல் வண்டி நேராக நின்றது.

"பெயின்ட் காயாம ஒட்டியிருக்கும்" என்றார்.

டீச்சர் இடுக்கியால் வண்டியைத் தூக்கினார். அடியில் ஒன்றும் ஒட்டவில்லை. வேறொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் நின்றது. மேஜையை ஒரு தட்டு தட்டினார். கம்பித் துண்டுகள் உருண்டு கீழே விழுந்தன. வண்டி அசையவில்லை.

"சீட்டைப் பாருங்க" என்று லென்ஸை நீட்டினார்.

ஸ்பிரிங் இரண்டும் அமுங்கியிருந்தன. சீட்டின் நடு இறங்கியிருந்தது.

"நான் இப்படிச் செய்யல."

"தெரியும்."

ஏகாம்பரம் விரல்நுனியால் சைலன்சரைத் தொட்டார். சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார். சுட்டது.

அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாலு வருஷத்து அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன.

"வந்துட்டான்! நான்தான் சொன்னேனே, டீச்சர். வந்துட்டான் பாருங்க!"

டீச்சர் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா உக்காந்திருக்கான்?"

ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"நாலு வருஷமாவா?"

ஏகாம்பரத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்தப் பனியிலயா? வண்டியை விட்டு எறங்காமலா?" என்றார் டீச்சர்.

"ஏன் எறங்கல?"

"பட்டாளத்துக்காரன். சொல்லாம எறங்குவானா?"

"யாரு சொல்லணும்?"

டீச்சர் அவரையே பார்த்தார்.

அறைக்குள் குளிர் ஏறியது. ஏகாம்பரம் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சின்ன வயசுல என் மொபெட்டுக்கு முன்னாடி ஏறி உக்காந்துக்குவான்" என்றார் மெல்ல. "வீடு வந்தாலும் எறங்க மாட்டான். அவங்கம்மா கூப்பிட்டாலும் எறங்க மாட்டான். நான் சொல்லணும். நான் சொன்னாதான் எறங்குவான்."

வாயைப் பொத்திக்கொண்டார். பெற்ற பிள்ளையைப் போகவிடாமல் நாமே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பது அந்த நொடியில் அவர் நெஞ்சில் இறங்கியது. அதைவிடப் பெரிய வலியை அவர் அனுபவித்ததில்லை.

"டீச்சர், நான் சொல்லிட்டேன்னா..."

"ம்."

"அப்புறம் வாசல்ல சத்தம் கேக்காதே."

"கேக்காது."

"எனக்குன்னு அந்தச் சத்தம் ஒண்ணுதாம்மா இருக்கு."

டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏகாம்பரம் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். பிறகு மேஜைமேல் குனிந்தார். வண்டிக்குப் பக்கத்தில் கன்னம் கண்ணாடியைத் தொடும்வரை குனிந்தார்.

"லோகு" என்றார். "வீடு வந்துடுச்சு. எறங்குடா கண்ணு."

ஸ்பிரிங் இரண்டும் நிமிர்ந்தன.

வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. ஏகாம்பரத்தின் கை அதைப் பிடிக்கப் பாய்ந்தது. டீச்சர் அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

"பிடிக்காதீங்க, ஐயா."

வண்டி விழுந்தது. வெளியே பனிமூட்டத்தில் ஒரு வண்டிச் சத்தம் நின்றது. நின்ற பிறகுதான், காலையிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தது.

டீச்சர் கையை விட்டார்.

ஏகாம்பரம் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. போனை எடுத்தார். மறுபக்கத்தில் தேவகி எடுத்தாள்.

"தேவகி" என்றார். "எள்ளு வாங்கிட்டியா?"