பாலத்து மேல போட்ட மேடை

ஒரு ஊர்ல ஒரு கல்லுப் பாலம் இருந்துச்சாம். ஒரு வளைவுக்குக் கீழ ஆறு ஓடும், பக்கத்து வளைவுக்குக் கீழ ரயிலு ஓடும். அப்புறம் ரயிலு நின்னுபோச்சு, தண்டவாளத்துல எருக்கஞ்செடி மொளைச்சுது. ரயிலு போன அந்த வளைவுக்குள்ள மாராயின்னு ஒருத்தி இட்லிக்கடை போட்டுட்டா. மழை ஒழுகாது, வாடகை கேக்க ஆளில்லை. 'ம்' கொட்டு.

"ம்."

அப்போ ஒரு இன்ஜினியர் வந்தாரு. குச்சியால டொக் டொக்குனு தட்டிப் பாத்தாரு. "இது ஆட்டுக்குட்டியைக்கூடத் தாங்காது, இடிச்சிரணும்"னாரு. அதை மாராயி கேட்டுட்டா. வளைவு போச்சுன்னா அடுப்பை எங்க வெப்பா? பொழப்பே அதானே! பாவம், அழுதுக்கிட்டே அரைச்சா. அன்னைக்குச் சட்டினி உப்புக் கரிச்சுது.

அப்புறம் சம்மட்டிக்காரங்க வந்தாங்க. ணங்! ணங்! காம்பு முறிஞ்சுது, கல்லு அசையல. அப்புறம் பொக்லைன் வந்துச்சு. கர்ர்ர்... டமார்! உனக்குப் பல்லு போன மாதிரி அதுக்கும் பல்லு போச்சு. சிரிக்காதே, கண்ணை மூடு.

இன்ஜினியருக்கு ரோஷம் வந்துருச்சு. வெடி வெச்சே தகர்ப்போம், மந்திரியைக் கூப்பிட்டு விழாவா நடத்துவோம்னாரு. கரையெல்லாம் சேறு. மந்திரி வேட்டி அழுக்காயிரும்னு மேடையை எங்க போட்டாங்க தெரியுமா? அந்தப் பாலத்து மேலயே!

ஜெனரேட்டர் வண்டி, பேண்டு வாத்தியம், யானை, ஊருசனம் பூரா மேல ஏறிருச்சு. மந்திரி மைக்கைப் பிடிச்சு, "இந்தப் பாலம் ஆட்டுக்குட்டியைக்கூடத் தாங்காது!"ன்னு முழங்குனாரு.

கீழயிருந்து மாராயி கரண்டியோட வந்து கத்துனா: "ஐயா, அப்போ நீங்க எதுமேல நிக்கிறீங்க?"

மந்திரி குனிஞ்சு காலுக்குக் கீழ பாத்தாரு. யானை பொத்துனு லத்தி போட்டுச்சு. அப்புறம் சனம் சிரிச்சுது பாரு, அந்தக் குலுக்கல்ல இன்ஜினியர் போட்ட புது மேடை மடமடன்னு சரிஞ்சுது. மந்திரி தொபுக்கடீர்! பாலம்? ம்ஹூம்.

மந்திரி வேட்டியைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சாரு. மைக்கைத் தேடி எடுத்தாரு. "இந்தப் பாலத்தை எவன்யா இடிக்கச் சொன்னது?"ன்னு இன்ஜினியரைப் பாத்தே கேட்டாரு. ஊரே கை தட்டுச்சு. மாராயிக்குச் சந்தோஷம் தாங்கல.

அப்புறம் எல்லாருக்கும் பசி. இட்லி வேக வேகக் காலி. கடைசியா இன்ஜினியரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தாரு. உள்ள வராம வளைவையே அண்ணாந்து பாத்தாரு.

"உக்காருங்க சார், மேல விழாது"ன்னா மாராயி.

கதை அக்கரைக்குப் போயிருச்சு, நீ இக்கரையில முழிச்சுக்கிட்டு இருக்காதே. தூங்கு.